முடக்குவாத நோயாளிகளுக்குத் தமிழில் விளக்க வீடியோ எடுப்பது எப்படி?

மூட்டுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், இளநிலை மருத்துவர், சமூகப் பணியாளர் என யாராவது ஒருவர் தலையில் ஒருநாள் இந்த வேலை வந்து விழும்: "நோயாளிகளுக்குப் போட்டுக் காட்ட தமிழ்ல ஒரு வீடியோ பண்ணிடுங்களேன்." உடனே கேமரா தேடப் போகாதீர்கள். 3 நிமிட வீடியோவுக்கு 5 முதல் 6 வாரம் பிடிக்கும், அதில் படப்பிடிப்பு அரை நாள்தான். மீதி முழுக்க எழுத்து, கையெழுத்து, சரிபார்ப்பு. இந்த வரிசையை மாற்றினால் எடுத்ததையே திரும்ப எடுக்க நேரும்.

1. ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு செயல்

நோய் என்றால் என்ன, ஏன் வருகிறது, என்ன பரிசோதனை, என்ன மருந்து, என்ன பயிற்சி, என்ன சாப்பாடு என எல்லாவற்றையும் 12 நிமிடத்தில் அடைத்த வீடியோக்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. பார்த்தவர் வீட்டுக்குப் போய் எதையும் மாற்றிச் செய்வதில்லை. வீடியோ முடிந்ததும் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

முதல் வீடியோவுக்கு மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது இந்த மருந்துதான். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வெள்ளணுவும் தட்டணுவும் சரியும், வாயெல்லாம் புண்ணாகும், உயிரே போகலாம். "ஒரு வாரம், ஒரு நாள்" என்ற ஒரே விஷயம் மனதில் பதிந்தால்கூட அந்த வீடியோ தன் வேலையைச் செய்துவிட்டது. ரத்தப் பரிசோதனை, விரல் பயிற்சி, மூட்டு திடீரென வீங்கும் நாட்கள், கர்ப்பம் எல்லாம் தனித்தனி வீடியோக்களாக அடுத்தடுத்து வரட்டும்.

மூட்டுத் தேய்மானத்தை இதில் கலக்காதீர்கள். இரண்டையும் ஊரில் "மூட்டுவலி" என்றே சொல்வார்கள். கலந்து பேசினால் தேய்மானக்காரர் பக்கத்து வீட்டுக்காரரின் மெத்தோட்ரெக்சேட்டைக் கேட்டு வாங்கிப் போடுவார், முடக்குவாதக்காரர் "வயசானா வர்றதுதானே" என்று மருந்தை விட்டுவிடுவார்.

2. ஒரு பக்கத் தகவல் தாள்

ஸ்கிரிப்ட் எழுதும் முன், வீடியோவில் இடம்பெறப்போகும் ஒவ்வொரு தகவலையும் ஒரே தாளில் எழுதி மூட்டுநோய் மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் "இதை யார் சொன்னது?" என்ற கேள்வி வரும்போது இந்தத் தாள்தான் பேசும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

- வாரம் ஒருமுறை, ஒரே கிழமை. அந்தக் கிழமையை ஓபி (புறநோயாளி) நோட்டில் தமிழில் முழுதாக எழுத வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தில் (Mon) எழுதினால் "திங்கள்" என்பதை "காலை" (morning) என்று படித்துத் தினமும் விழுங்க வாய்ப்புண்டு.
- மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும், 6 முதல் 12 வாரம் ஆகலாம். வலி குறையவில்லை என்று மூன்றாவது வாரமே நிறுத்துவதும், வலி போய்விட்டது என்று ஆறாவது மாதம் நிறுத்துவதும் ஒரே அளவு தவறு.
- ஃபோலிக் அமிலம் தனி மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் போடாத நாளில், மருத்துவர் எழுதியபடி.
- தவறவிட்டால் 2 நாளுக்குள் போடலாம். அதற்கும் மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். இரண்டு வார அளவைச் சேர்த்துப் போடவே கூடாது.
- ரத்தப் பரிசோதனை: ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம். முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை.
- வாய்ப்புண், காய்ச்சல், தொண்டைவலி, வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, உடம்பில் காரணமில்லாத ரத்தக்கட்டு, கண் மஞ்சளாவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். கடும் வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலும் அப்படியே.
- வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதோடு சேர்ந்தால் ஆபத்து.
- மது கூடாது. குழந்தை பெறும் எண்ணம் வந்த உடனேயே சொல்ல வேண்டும், கர்ப்பம் தரித்த பிறகு அல்ல.

அளவைச் சொல்லும் இடத்தில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. "வாரம் ஆறு மாத்திரை" என்று வீடியோவில் சொல்லிவிடாதீர்கள். இந்த மருந்து 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. 2.5 மி.கி.யில் ஆறு மாத்திரை என்பது 15 மி.கி. மாத்திரை தீர்ந்து வேறு கடையில் 7.5 மி.கி. கொடுத்துவிட்டால் அதே ஆறு மாத்திரை 45 மி.கி. ஆகிவிடும். வீடியோ எண்ணிக்கையைச் சொல்லாமல், "அட்டையில் எழுதியிருக்கும் மி.கி.யும் நோட்டில் எழுதியிருக்கும் மி.கி.யும் ஒன்றா என்று பாருங்கள், புது அட்டை வாங்கும்போதெல்லாம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று: மெத்தோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் பல கம்பெனிகளில் சின்ன மஞ்சள் மாத்திரைதான். அட்டையைக் கத்தரித்துக் காகிதப் பொட்டலத்தில் போட்டால் படித்தவர்களுக்கே வித்தியாசம் தெரியாது. "மஞ்சள் மாத்திரை" என்று அடையாளம் சொல்வதை ஸ்கிரிப்டிலிருந்து அடியோடு நீக்குங்கள். உள்ளங்கையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து 5 விநாடி நெருக்கக் காட்சி காட்டினால் போதும், பார்ப்பவர் தானே மிரண்டு அட்டையோடு வைத்துக்கொள்வார்.

சாப்பாடு பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். புளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, வாயு என்ற கேள்வி வராத ஓபி கிடையாது. முடக்குவாதத்துக்கு இன்ன காய்கறியை ஒதுக்கினால் நோய் அடங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மருந்தை விட்டுவிட்டுப் பத்தியம் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வேறு யாரோ போட்ட வீடியோ சொல்லித்தரும், தப்பாக. நாட்டு மருந்தைப் பற்றிப் பேசும்போதும் திட்டாதீர்கள். பெயரும் சேர்மானமும் எழுதாத பொடி, உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திடீரென நிறுத்துவதும் ஆபத்து: இவ்வளவு போதும்.

3. ஸ்கிரிப்ட்

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல். 3 நிமிடத்துக்கு 280 சொல்லைத் தாண்டாதீர்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் காதில் விழுவது, வலப்பக்கம் கண்ணில் படுவது. வலப்பக்கம் மூன்று வரிக்கு மேல் "மருத்துவர் பேசுகிறார்" என்றே இருந்தால் அது வீடியோ அல்ல, வானொலி.

பேச்சுத்தமிழிலேயே எழுதுங்கள். "வாராந்திர உட்கொள்ளல்" என்று படிப்பதற்கு எழுதிவிட்டு, எடுக்கும்போது பேச்சாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் பேசுபவர் திணறுவார். ஓபியில் நோயாளி சொல்லும் சொற்களையே போடுங்கள்: குடைச்சல், பிடிப்பு, "காலைல கை மடக்க வரல", சரவாங்கி. தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"உங்களுக்கு எழுதிக் குடுத்த இந்த மாத்திரைய வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும். ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை மட்டும். திங்கக்கிழமை கிடையாது. வலி அதிகமா இருக்குன்னு புதன்கிழமை இன்னொண்ணு போடக்கூடாது."

வணக்கம், மருத்துவமனைப் பெயர், துறைத் தலைவர் பெயர் எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வர 40 விநாடி எடுத்துக்கொண்டால் ஓபி கூட்டத்தில் யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். பெயர்களைக் கடைசித் திரையில் போடுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஸ்கிரிப்ட் தயாரானதும், எடுப்பதற்கு முன்பே, 5 நோயாளிகளிடம் படித்துக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்த மாத்திரைய எந்தெந்த நாள் போடுவீங்கன்னு வீட்டுல பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் திருத்த ஒரு பேனா போதும். எடிட்டிங் முடிந்தபின் என்றால் இன்னொரு அரை நாள்.

4. அனுமதியும் ஆவணங்களும்

ஒரு கோப்பு போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கையெழுத்தான தகவல் தாள், தேதியோடு கையெழுத்தான இறுதி ஸ்கிரிப்ட், நிர்வாக அனுமதிக் கடிதம், திரையில் தோன்றும் ஒவ்வொருவரின் ஒப்புதல் படிவம், இசை, படம் எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு.

அரசு மருத்துவமனை என்றால் துறைத் தலைவர் வழியாக டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ கடிதம் போக வேண்டும். 2 வாரம் என்று கணக்குப் போடுங்கள், ஸ்கிரிப்டை இணைத்தே அனுப்புங்கள். "வீடியோ எடுக்க அனுமதி வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் "என்ன வீடியோ?" என்ற கேள்வியோடு திரும்பி வரும். எங்கே எடுக்கப் போகிறீர்கள், எந்த நேரம், ஓபி பாதிக்காது என்பது, எங்கெங்கே வெளியாகும் என்பது: நான்கும் கடிதத்தில் இருக்கட்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில். முகம் தெரியுமா, எங்கெல்லாம் காட்டப்படும், மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது, பிறகு வேண்டாம் என்று சொன்னால் எங்கள் பக்கங்களிலிருந்து எடுத்துவிடுவோம் என்று தெளிவாக எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் பரவிய பிறகு திரும்பப் பெற முடியாது என்ற உண்மையையும் வாயால் சொல்லிவிடுங்கள். கைநாட்டு என்றால் ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி உங்கள் குழுவில் ஒருவராக இருக்க வேண்டாம். கேட்டால் எனக்குப் பிடித்த வழி, நோயாளியின் முகமே காட்டாமல் கைகளை மட்டும் எடுப்பது. முடக்குவாதத்துக்குக் கையே போதுமான அளவு பேசும்.

"முழுசா குணமாயிடும்" என்ற வார்த்தை எங்கும் வரக்கூடாது. மருத்துவரீதியாகவும் அது சரியில்லை, நோய் அடங்கியிருக்கும் என்பதே சரி. 1954ஆம் ஆண்டு மருந்துகள், மந்திர சிகிச்சைகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் வாதநோயும் இருப்பதால், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது சட்டச் சிக்கலும்கூட. மாத்திரை அட்டையின் கம்பெனிப் பெயரை டேப் ஒட்டி மறையுங்கள், மருந்துப் பெயரும் மி.கி.யும் மட்டும் தெரியட்டும். மருந்துக் கம்பெனிக்காரர் செலவை ஏற்கிறேன் என்பார். வேண்டாம். மொத்தச் செலவே சில ஆயிரம்தான், அதற்காகக் கடைசித் திரையில் ஒரு சின்னத்தைச் சுமக்கத் தேவையில்லை.

5. கருவிகளும் செலவும்

போன் உங்களுடையதே போதும். காலர் மைக் கம்பி வைத்தது 500 முதல் 1,500 ரூபாய், முக்காலி சுமார் 1,000 முதல் 1,500, ஓபி டிவிக்கு ஒரு பென்டிரைவ், கியூஆர் ஸ்டிக்கர் அச்சு, பேச வந்தவர்களுக்கு டீ, வண்டிச் செலவு. 5,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பணம் குறைவு என்றால் முக்காலியை விடுங்கள், மைக்கை விடாதீர்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். எதிரொலியோடு கேட்டால் அடுத்த நொடியே தள்ளிவிடுவார்கள்.

6. படப்பிடிப்பு

ஓபி முடிந்தபின் மதியம் 2 மணிக்கு மேல், ஜன்னல் உள்ள அறை. பேசுபவர் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கருத்துவிடும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். டியூப்லைட் இருந்தால் போனில் தானியங்கி அமைப்பை நம்பாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்), 1/60 ஷட்டர் வேகம் என்று எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். கையால் மாற்றும் வசதியுள்ள கேமரா செயலியில் 25 சட்டகம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் ஓடாது.

மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே. புடவை முந்தானையில் மாட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும், ரவிக்கைக் கழுத்து ஓரத்தில் மாட்டுங்கள். தாலிச் சங்கிலியும் அடையாள அட்டைக் கயிறும் மைக்கில் உரசும் இரண்டு எதிரிகள். அட்டையைக் கழற்றச் சொல்லலாம், சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 20 விநாடி பதிவு செய்து, இயர்போனில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பின்னணியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேசை மேல் கேஸ் ஷீட், சுவரில் வெள்ளைப் பலகையில் நோயாளி பெயர்கள், காட்டப்படும் எக்ஸ்ரேயின் மூலையில் பெயரும் வயதும். எக்ஸ்ரே மூலைதான் அதிகம் தப்பிவிடும்.

பயிற்சி வீடியோ எடுப்பவர்களுக்குத் தனியாகச் சில:

விரல் பயிற்சியை எதிரே இருந்து எடுக்காமல், செய்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். பார்ப்பவர் தன் கையைப் பார்ப்பதுபோலவே இருக்கும், வலது இடது குழப்பம் வராது. முழங்கால் நீட்டும் பயிற்சிக்குப் பக்கவாட்டிலிருந்து, நாற்காலி உயரத்தில் கேமரா. புடவையிலும் வேட்டியிலும் முழங்கால் தெரியாது, செய்து காட்டுபவர் சுடிதார் அல்லது பேண்ட் அணிந்து வரட்டும். தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடிக்கச் சொன்னால், அந்த 5 விநாடியும் திரையில் அப்படியே ஓட வேண்டும், எண்ணும் குரலோடு. எடிட்டிங்கில் வெட்டிச் சுருக்கினால் பார்ப்பவரும் அவசரமாகவே செய்வார். பத்துமுறையும் காட்ட வேண்டாம், மூன்றுமுறை காட்டி "பத்து தடவை" என்று எழுத்தில் போடுங்கள். கூடவே இரண்டு எச்சரிக்கை: பயிற்சிக்குப் பிறகு கூடிய வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்தநாள் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு சூடாக, வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் எடை தூக்கும் பயிற்சி வேண்டாம், மெதுவாக மடக்கி நீட்டுவது மட்டும்.

7. எடிட்டிங்

ஓபி டிவியில் சத்தம் இருக்காது, இருந்தாலும் டோக்கன் கூப்பிடும் சத்தத்தில் கேட்காது. ஆகவே வசனத்தைத் திரையிலேயே பதித்துவிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் குறைந்தது 3 விநாடி நிற்கட்டும்.

தமிழ் எழுத்து உடைவது இங்கே எல்லோரையும் பிடிக்கும் தொல்லை. சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும். பிரீமியர் புரோவில் கிராஃபிக்ஸ் விருப்பங்களில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். வேறு மென்பொருளில் சரியாகவே வராவிட்டால், எழுத்துத் திரைகளை வேறொரு செயலியில் படமாகச் செய்து ஒட்டிவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசம்.

இரண்டு பிரதி வேண்டும். டிவிக்கு 1080பி, எச்.264 வடிவில் எம்பி4. ஐபோனில் "அதிகத் திறன்" (High Efficiency) அமைப்பில் எடுத்த கோப்பைப் பழைய டிவிகள் பல படிக்காது, வெறும் சத்தம் மட்டும் வரும். வாட்ஸ்அப்புக்கு 16 எம்பிக்குள் ஒரு பிரதி: 3 நிமிடம் என்றால் படமும் ஒலியும் சேர்த்து விநாடிக்கு 700 கிலோபிட், 480பி. அந்த அளவில் உங்கள் எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று விலை குறைந்த ஒரு போனில் திறந்து பாருங்கள். பின்னணி இசை வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டுமென்றால் யூடியூபின் ஒலி நூலகத்திலிருந்து எடுங்கள், சினிமாப் பாட்டின் கருவி இசைகூட உரிமைப் புகாரில் மாட்டும்.

8. வெளியிடும் முன் மதிப்பெண்

அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை உருவாக்கிய, நோயாளி விளக்கப் பொருட்களை மதிப்பிடும் பெமேட் (PEMAT) என்ற கருவியில் வீடியோக்களுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. 17 கேள்விகள்: புரிகிறதா என்று 13, செயல்பட வழி சொல்கிறதா என்று 4. வீடியோவில் வேலை செய்யாத இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். 70 சதவீதத்துக்குக் கீழே வந்த பகுதியைத் திருத்துங்கள். பெரும்பாலும் அடிவாங்குவது அந்த 4 கேள்விகளில்தான். நோயாளிகளிடம் கேட்டுச் சேகரித்த பதில்களைப் பின்னால் ஆய்வுக் கட்டுரையாக்கும் எண்ணம் இருந்தால், தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், முடிந்தபின் தரமாட்டார்கள்.

9. நோயாளி கையில் சேர்ப்பது

மருந்து வாங்கும் வரிசைக்கு எதிரே உள்ள டிவிதான் நல்ல இடம், மாத்திரை கையில் வரும் நேரம் அது. ஓபி நோட்டின் பின்னட்டையில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதன் கீழே "வார மாத்திரை வீடியோ" என்று எழுதுங்கள். கியூஆரை மட்டும் ஒட்டினால் பணம் கட்டும் குறி என்று நினைப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். எண்ணைச் சேமிக்கச் சொல்லி அங்கேயே செய்ய வையுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகள் உங்கள் பகுதியில் இருந்தால், பயிற்சி வீடியோவை அவர்களுக்கும் கொடுங்கள்.

யூடியூபில் ஏற்றும்போது "குழந்தைகளுக்கானது அல்ல" என்று குறியுங்கள். கருத்துப் பகுதியை மூடிவிடுவது நல்லது. திறந்து வைத்தால் ரிப்போர்ட்டும் போன் எண்ணும் போட்டு "எனக்கு என்ன மாத்திரை?" என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேறு யாராவது வந்து எண்ணெய் விற்பார்கள்.

முதல் திரையின் மூலையில் மாதமும் ஆண்டும் போட்டே வெளியிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தகவல் தாளை அதே மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வரி மாறினாலும் புதிய தேதியோடு புதிய பிரதி எடுத்து, டிவி பென்டிரைவிலிருந்து பழையதை நீக்குங்கள். கியூஆரை யூடியூப் முகவரிக்கு நேரடியாக அடிக்காமல், மருத்துவமனை இணையதளத்தின் ஒரு பக்கத்துக்கு அடித்திருந்தால், அந்தப் பக்கத்தில் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும், ஸ்டிக்கரைத் திரும்ப அச்சடிக்க வேண்டாம்.